மேட்டா, க்ளாஸியா? லேப்டாப் திரையைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

ஷோரூமில் இரண்டு லேப்டாப்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண் தானாக க்ளாஸி திரைக்குத்தான் போகும். நிறம் துள்ளும், கருப்பு கருப்பாகவே தெரியும். அதே லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கும் மேசையில் வைத்து ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்தால் தெரிவது உங்கள் சட்டை, ஜன்னல் கம்பி, கொடியில் காயும் துண்டு. பளபளப்பில்லாத மேட்டா, பளபளக்கும் க்ளாஸியா என்ற கேள்விக்கு லேப்டாப்பில் பாதி விடைதான் இருக்கிறது. மீதிப் பாதி நீங்கள் உட்காரும் இடத்தில், உங்கள் தலைக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி வீட்டிலிருந்தே தொடங்குகிறது; கடைக்குப் பிறகு போகலாம்.

திரையின் மேற்பரப்பில் நடப்பது என்ன

சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பில் நேராக விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதம் திரும்பி வரும். பூச்சு எதுவும் இல்லாத க்ளாஸி திரையில் இதுதான் அடிப்படைக் கணக்கு. படம் காட்டும் பலகையான பேனலுக்கு மேல் தனியாக ஒரு கண்ணாடி வைத்து, நடுவில் காற்று இடைவெளி விட்டிருந்தால் கண்ணாடியின் இரு பக்கம், பேனலின் மேல்பக்கம் என மூன்று பரப்புகள் ஆகிவிடும். பிரதிபலிப்பும் ஏறக்குறைய மூன்று மடங்காகும். பழைய டச் லேப்டாப்கள் பல முகம் பார்க்கும் கண்ணாடி போல இருந்ததற்குக் காரணம் இந்த இடைவெளிதான். இப்போது நல்ல மாடல்களில் கண்ணாடியைப் பேனலோடு ஒட்டியே விடுகிறார்கள். உள்பரப்புகளின் பிரதிபலிப்பு அதோடு கிட்டத்தட்ட ஒழிகிறது.

க்ளாஸியிலேயே இன்னொரு வகை, ஆன்ட்டி-ரிஃப்ளெக்டிவ் பூச்சு போட்டது. மூக்குக்கண்ணாடியில் 'கோட்டிங்' போடுகிறார்களே, அதே வேலைதான். ஒளி அலைநீளத்தில் கால்பங்கு தடிமனுள்ள, அதாவது ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள மெல்லிய படலம். பூச்சின் மேற்பக்கமும் அடிப்பக்கமும் திருப்பி அனுப்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நல்ல பூச்சு 4 சதவீதத்தை 1 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். திரும்பி வரும் வெளிச்சம் உண்மையிலேயே குறைவது இந்த வகையில் மட்டும்தான்.

மேட் செய்வது வேறு வேலை. பேனலின் மேலே ஒளியை வடிகட்டும் போலரைசர் படலத்தில், நுண்ணிய சிலிக்கா துகள் கலந்த கரடான பூச்சு ஒன்று இருக்கும். விழும் வெளிச்சத்தை அது பல திசைகளில் சிதறடிக்கும். திரும்பி வரும் மொத்த வெளிச்சம் பெரிதாகக் குறையாது. உருவம் மட்டும் கலைந்துவிடும். ட்யூப்லைட் கோடாகத் தெரியாமல் மங்கலான வெள்ளைப் புகையாகத் தெரியும். எவ்வளவு கலைக்கிறது என்பதை 'ஹேஸ்' என்று சதவீதத்தில் சொல்வார்கள். பேனல் விவரத் தாள்களில் "ஆன்ட்டி-கிளேர், ஹேஸ் 25 சதவீதம், ஹார்ட் கோட்டிங் 3எச்" என்று பார்க்கலாம். 3எச் என்பது பென்சில் கீறலைத் தாங்கும் கடினத்தின் குறி.

நான்காவதாக ஒன்றும் வந்திருக்கிறது. படலம் ஒட்டாமல் கண்ணாடியையே நுணுக்கமாகச் செதுக்கி மேட் ஆக்குவது. ஆப்பிள் இதை 'நானோ-டெக்ஸ்சர்' என்கிறது. 2019-ல் ப்ரோ டிஸ்ப்ளே எக்ஸ்டிஆர் மானிட்டரில் வந்தது, 2024 அக்டோபரில் எம்4 மேக்புக் ப்ரோவுக்கு அமெரிக்காவில் 150 டாலர் கூடுதல் விலையில் வந்தது. இதே ஆப்பிள்தான் 2008-ல் 15 அங்குல மேக்புக் ப்ரோவில் க்ளாஸி மட்டும் என்று வைத்தது. மறு வருஷமே 50 டாலருக்கு மேட்டைத் திரும்பக் கொடுத்தது. 2012-ல் நுண்ணிய பிக்சல் கொண்ட ரெட்டினா திரை வந்ததும் அந்த வாய்ப்பை மறுபடி எடுத்துவிட்டது. இந்தச் சண்டை தீராத சண்டை என்பதற்கு இது போதும்.

ஒரு சின்னக் கணக்கு

திரையின் பிரகாசத்தை நிட்ஸ் என்ற அலகில் அளக்கிறோம். பட்ஜெட் லேப்டாப் பெரும்பாலும் 250 நிட்ஸ். நான்கடி ட்யூப்லைட் குழாயின் பிரகாசம் சுமார் 10,000 நிட்ஸ். அதில் 4 சதவீதம் என்றால் 400 நிட்ஸ். ஆக, பூச்சில்லாத க்ளாஸி திரையில் தெரியும் ட்யூப்லைட்டின் பிம்பம் திரையின் வெள்ளையைவிடப் பிரகாசமானது. அந்த இடத்தில் எழுத்து தெரியாது. பிரைட்னஸை முழுதாக ஏற்றினாலும் தெரியாது.

ஜன்னல் வழியே தெரியும் மேகமூட்டமான வானம் 3,000 முதல் 5,000 நிட்ஸ் வரை இருக்கலாம். பிம்பம் 120 முதல் 200 நிட்ஸ். படிக்கலாம், ஆனால் கண் இரண்டு காட்சிகளோடு மல்லுக்கட்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: கண்ணாடியில் தெரியும் ஜன்னல், திரையின் தூரத்தில் இல்லை. ஜன்னல் திரையிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் பிம்பம் திரைக்குப் பின்னால் 3 மீட்டரில் நிற்கும். எழுத்து அரை மீட்டரில், ஜன்னல் மூன்றரை மீட்டரில். கண் இரண்டுக்கும் மாறி மாறி ஃபோகஸ் செய்யப் பார்க்கும். க்ளாஸி திரையில் நாள் முழுக்க வேலை பார்த்தால் வரும் களைப்பில் இதற்குப் பங்கு உண்டு. மேட் திரையில் கலங்கிய வெளிச்சம் திரைப் பரப்பிலேயே படிந்தது போல இருப்பதால் அந்த இழுபறி குறைவு.

இப்போது ஜன்னலும் விளக்கும் நேரே தெரியாத, வெள்ளைச் சுவர் மட்டும் பின்னால் இருக்கும் அறை. சுவரில் 300 லக்ஸ் வெளிச்சம் விழுந்தால் சுவரின் பிரகாசம் 75 நிட்ஸ் போல வரும். அதில் 4 சதவீதம் 3 நிட்ஸ். 250 நிட்ஸ் ஐபிஎஸ் (லேப்டாப்களில் சாதாரணமாக வரும் எல்சிடி வகை) திரையின் சொந்தக் கருப்பு கால் நிட்ஸ்தான். ஆக, அட்டைப்பெட்டியில் 1000:1 என்று போட்டிருக்கும் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள விகிதம்) உங்கள் அறையில் 80:1 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைக்கும் இதே கதி. 'பூஜ்யக் கருப்பு' என்பது விளக்கை அணைத்த பிறகுதான். விளக்கு எரியும் அறையில் மேட்டுக்கும் க்ளாஸிக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, பூச்சு போட்டதற்கும் போடாததற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

படி 1: வீட்டில் கண்ணாடிச் சோதனை

காசு செலவில்லாத, ஐந்து நிமிடச் சோதனை. பலர் செய்வதே இல்லை.

முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றையோ, கருப்புத் தாள் வைத்த போட்டோ ஃபிரேமையோ எடுங்கள். லேப்டாப் எங்கே வைப்பீர்களோ அதே இடத்தில், திரை சாயும் அதே கோணத்தில் (செங்குத்திலிருந்து 20 முதல் 30 டிகிரி பின்னால்) புத்தகங்களைச் சார்த்தி நிறுத்துங்கள். எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்காருங்கள். கண்ணாடியில் என்ன தெரிகிறதோ அதுதான் க்ளாஸி திரையில் தெரியப்போவது. கருப்புத் தாள் வைத்த ஃபிரேம் இன்னும் துல்லியம். முகக்கண்ணாடி மாதிரி மிகைப்படுத்தாமல், நிஜத் திரைக்கு நெருக்கமான அளவில் பிரதிபலிக்கும்.

மூன்று நேரம் பாருங்கள்: காலை, பிற்பகல், இரவு விளக்கு போட்ட பிறகு. கிழக்கு ஜன்னல் காலையில் மட்டும் தொல்லை தரும், இரவில் அதே ஜன்னல் கருப்பாகத் தெரியும். சுவரில் மாட்டிய ட்யூப்லைட் இரவில்தான் விஷயத்தைக் காட்டும்.

பிம்பம் தெரிந்தால் உடனே மேட் என்று முடிவெடுக்க வேண்டாம். முதலில் கண்ணாடியைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். திரையை 1 டிகிரி திருப்பினால் பிம்பம் 2 டிகிரி நகரும். 3 மீட்டர் தள்ளி இருக்கும் ட்யூப்லைட், 5 டிகிரி சாய்வில் அரை மீட்டருக்கு மேல் விலகிவிடும். மேசையைக் கால் சுற்று திருப்பி ஜன்னலைத் தோளுக்குப் பக்கவாட்டில் கொண்டுவர முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மேசையை நகர்த்த முடியாத ஹாஸ்டல் அறை, வாடகை வீட்டு ஹால், அலுவலகத்தில் ஒதுக்கிய இருக்கை என்றால்தான் திரையின் மேற்பரப்பு உங்களுக்காக வேலை செய்ய வேண்டியிருக்கும்.

சோதனையில் கண்டதை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கோ ஜன்னலோ கோடு, சதுரம் என வடிவத்தோடு தெரிகிறது, சாய்த்தும் போகவில்லை என்றால் மேட். பின்னால் சுவர் மட்டும்தான் என்றால் இரண்டும் சரி, விருப்பம் போல. லேப்டாப் ஒரே இடத்தில் நிற்காது, வகுப்பறை, ரயில், காபி கடை என்று சுற்றும் என்றால் சோதனையே வேண்டாம், மேட்தான். போகுமிடமெல்லாம் மேசையைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது.

படி 2: விவரப் பட்டியலை வாசிப்பது

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 'ஆன்ட்டி-கிளேர்' என்றால் மேட். 'ஆன்ட்டி-ரிஃப்ளெக்டிவ்' அல்லது 'ஆன்ட்டி-ரிஃப்ளெக்ஷன்' என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் பூச்சு போட்ட க்ளாஸி. இரண்டும் ஒன்றென்று நினைத்து வாங்கி, பெட்டியைப் பிரித்ததும் முகம் தெரிவதைப் பார்த்துத் திகைப்பவர்கள் நிறைய. லெனோவோவின் விவரத் தாளில் மூன்று ஈரெழுத்துச் சுருக்கங்கள் வரும்: ஏஜி என்றால் ஆன்ட்டி-கிளேர், ஏஆர் என்றால் ஆன்ட்டி-ரிஃப்ளெக்ஷன், ஏஎஸ் என்றால் விரல் ரேகை ஒட்டாத ஆன்ட்டி-ஸ்மட்ஜ். மூன்றும் சேர்ந்து இருந்தால் கிடைப்பதிலேயே நல்ல கூட்டணி.

நிறுவனங்கள் தாமே வைத்த பெயர்களும் உண்டு. எச்பியின் பிரைட்வியூ, டெல்லின் ட்ரூலைஃப், ஏசரின் சினிகிரிஸ்டல் எல்லாம் க்ளாஸி. ஏசரின் காம்ஃபிவியூ மேட். 'ஐ கேர்', 'லோ ப்ளூ லைட்', 'ஃப்ளிக்கர் ஃப்ரீ' என்ற முத்திரைகளுக்கும் மேற்பரப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

டச் திரை என்றால் ஏறக்குறைய எப்போதும் க்ளாஸிதான். விதிவிலக்காகச் சில அலுவலக மாடல்களில், திங்க்பேட் போன்றவற்றில், டச் அடுக்கைப் பேனலுக்குள்ளேயே வைத்து மேல்பரப்பை மேட் ஆக விட்டிருப்பார்கள். ஓஎல்இடியும் பெரும்பாலும் க்ளாஸி.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஒரே பெயரில் வரும் லேப்டாப்புக்கு இரண்டு மூன்று திரைகள் இருக்கலாம். நீங்கள் பார்த்த யூட்யூப் விமர்சனம் ஓஎல்இடி வகைக்கு, ஆன்லைன் கடையில் தள்ளுபடியில் கிடப்பது 250 நிட்ஸ் மேட் வகைக்கு. மாடல் பெயரை விட்டுவிட்டு, அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் முழு பார்ட் நம்பரை நிறுவனத்தின் தளத்தில் போட்டுத் தேடினால்தான் எந்தத் திரை என்று உறுதியாகும்.

மேட் மீது விழும் அநியாயப் பழி

"மேட் ஸ்க்ரீன் டல்லா இருக்கு" என்று சொல்பவர்கள் பார்த்தது பெரும்பாலும் மலிவு பேனலை. கீழ்த்தட்டு விலையில் வரும் 15.6 அங்குல ஃபுல் எச்டி மேட் திரைகள் பல, 250 நிட்ஸ், 'என்டிஎஸ்சி 45 சதவீதம்' என்ற நிற அளவோடு வருகின்றன. இணையப் படங்களுக்கான நிற அளவுகோலான எஸ்ஆர்ஜிபி கணக்கில் அது 60-க்குச் சற்று மேல். அதாவது ஒரு சாதாரண இணையப் படத்தில் வரக்கூடிய நிறங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டதை அந்தத் திரையால் சரியாகக் காட்ட முடியாது. சிவப்பு ஆரஞ்சாகத் தெரியும். குங்குமம் செங்கல்தூள் மாதிரி இருக்கும். அதற்கு மேல் கண்ணாடியைப் போட்டாலும் குங்குமம் குங்குமமாகாது.

மேட் வாங்க முடிவு செய்தால் இந்த இரண்டு எண்களையும் விடாதீர்கள்: குறைந்தது 300 நிட்ஸ், முடிந்தால் 400; நிறத்துக்கு எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம் அல்லது என்டிஎஸ்சி 72 சதவீதம் (இரண்டும் ஏறக்குறைய ஒன்றே). இந்த எண்களோடு வரும் மேட் திரையைப் பார்த்தால் டல் என்ற பேச்சே வராது. விவரத் தாளில் நிற அளவே போடவில்லை என்றால் 45 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்லதாக இருந்தால் பெருமையாகப் போட்டிருப்பார்கள்.

மேட்டுக்கு உண்மையான குறையும் இல்லாமல் இல்லை. பூச்சின் துகள்கள் பேனலிலிருந்து வரும் வெளிச்சத்தையும் கொஞ்சம் கலைக்கும். வெள்ளைப் பின்னணியில் மணல் தூவியது போல ஒரு மினுமினுப்பு தெரியும். இதை 'ஸ்பார்க்கிள்' என்பார்கள். 2010 வாக்கில் வந்த ஐபிஎஸ் மானிட்டர்களில் இது கண்ணை உறுத்தும் அளவுக்கு இருந்தது, இப்போதைய பூச்சுகள் மென்மையானவை. பிக்சல் சிறிதாகச் சிறிதாக இது கூடும். 15.6 அங்குல ஃபுல் எச்டியில் ஒரு பிக்சல் 0.18 மில்லிமீட்டர், 14 அங்குல 2880×1800 திரையில் 0.1 சொச்சம். பிக்சல் பூச்சின் கரடுக்குச் சமமாக நெருங்கும்போது ஒவ்வொரு பிக்சலும் ஒவ்வொரு விதமாகக் கலைகிறது. தமிழில் நிறைய வாசிப்பவர்கள் இதைச் சோதித்தே வாங்க வேண்டும். சிறிய எழுத்தளவில் மெய்யெழுத்தின் புள்ளியும் ஒ, ஓ வித்தியாசமும்தான் முதலில் மங்கும்.

படி 3: கடையில் செய்ய வேண்டியவை

வெள்ளைச் சட்டையோ வெளிர்நிற உடையோ போட்டுக்கொண்டு போங்கள். கருப்பு உடையில் போனால் க்ளாஸி திரை தன் குறையை உங்களிடம் மறைத்துவிடும்.

முதலில் திரையை அணைத்துவிட்டுப் பாருங்கள். மொபைல் டார்ச்சை உங்கள் தோளுக்குப் பக்கத்தில் பிடித்து, அரை மீட்டர் தள்ளியிருந்து திரையில் அடியுங்கள். கூர்மையான வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூச்சில்லாத க்ளாஸி. புள்ளி கூர்மைதான், ஆனால் மங்கலாகவும் ஊதா, பச்சை, நீலம் என ஏதோ ஒரு சாயலோடும் தெரிந்தால் ஆன்ட்டி-ரிஃப்ளெக்டிவ் பூச்சு இருக்கிறது. புள்ளியே இல்லாமல் பரந்த வெளிச்சத் திட்டு தெரிந்தால் மேட். திட்டு எவ்வளவு பெரிதோ ஹேஸ் அவ்வளவு அதிகம். விற்பனையாளர் என்ன சொன்னாலும் இந்தச் சோதனை பொய் சொல்லாது. டார்ச் அடிக்கச் சங்கடமாக இருந்தால் நகத்தை வைத்துப் பாருங்கள்: திரையிலிருந்து ஓரக் கருப்புப் பட்டைக்கு நகம் தடையில்லாமல் வழுக்கிப் போனால் மேலே முழுக் கண்ணாடி.

அடுத்து திரையைப் போட்டு பிரைட்னஸை பாதிக்குக் குறையுங்கள். ஷோரூமில் எல்லாமே முழு பிரைட்னஸில், ஓடும் டெமோ வீடியோவில் இருக்கும். அந்த நிலையில் எந்தத் திரையும் அழகாகத்தான் தெரியும். நோட்பேடைத் திறந்து 10, 11 புள்ளி அளவில் நாலு வரி தமிழ் தட்டச்சு செய்து வாசியுங்கள். வெள்ளைப் பக்கத்தை மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள்; மேட் திரையில் மினுமினுப்பு இருந்தால் பக்கம் நகரும்போது அது மட்டும் அசையாமல் நிற்பது தெரிந்துவிடும். பிறகு கருப்புப் படம் ஒன்றை முழுத் திரையில் வைத்துப் பாருங்கள். உங்கள் முகம் தெரிகிறதா, முகத்தில் மீசை தெரிகிறதா?

ஓஎல்இடி என்றால் ஒரு கூடுதல் சோதனை. பல ஓஎல்இடி லேப்டாப்கள் குறைந்த பிரைட்னஸில் வெளிச்சத்தை நொடிக்கு 240 முறை அணைத்து எரிக்கும். சிலருக்கு இதனால் தலைவலி வரும். மொபைல் கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/1000 நொடியில் வைத்துத் திரையைப் பாருங்கள். கருப்புப் பட்டைகள் ஓடினால் இந்த மினுக்கல் இருக்கிறது. கண்வலிக்குக் காரணம் க்ளாஸி என்று நினைத்து மேட்டுக்கு மாறியவர்கள் சிலருக்கு நிஜக் காரணம் இதுவாக இருந்திருக்கும்.

யாருக்கு எது

கணக்கு, கோடிங், எழுத்து வேலை, மணிக்கணக்கில் எக்செல்: மேட். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

போட்டோ, டிசைன் வேலைக்கு க்ளாஸிதான் வேண்டும் என்பது பாதி உண்மை. அச்சு வேலைக்காரர்கள் நம்பும், எய்ஸோ நிறுவனத்தின் கலர்எட்ஜ் மானிட்டர்கள் மேட்தான். அச்சிட்ட தாளே மேட் ஆக இருக்கும்போது க்ளாஸி திரையின் துள்ளல் ஏமாற்றும். திரையில் ஜொலித்த கல்யாண ஆல்பம் பிரிண்டில் செத்துப்போய் வரும். மொபைலில் பார்க்கப்படும் ரீல்ஸ், இன்ஸ்டாகிராம் படங்கள் எடிட் செய்பவர்களுக்கு க்ளாஸி பொருத்தம், ஏனென்றால் பார்ப்பவர்களின் திரையும் க்ளாஸி.

இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பது, வெளிச்சம் கட்டுப்பாட்டில் உள்ள அறையில் கேம் விளையாடுவது என்றால் க்ளாஸியின் ராஜ்யம்; ஓஎல்இடி என்றால் இன்னும் நல்லது.

மொட்டை மாடியிலோ மரத்தடியிலோ வேலை பார்க்க நினைத்தால் மேட் மட்டும் காப்பாற்றாது. நிழலிலேயே 10,000 லக்ஸ் இருக்கும். அந்த வெளிச்சத்தில் உங்கள் வெள்ளைச் சட்டை 2,500 நிட்ஸ். திரையில் விழும் அதன் பங்கு 100 நிட்ஸ். 250 நிட்ஸ் திரை அங்கே தோற்கும், 500 நிட்ஸ் சமாளிக்கும். வெளியிடத்துக்கு நிட்ஸ் முதலில், மேற்பரப்பு இரண்டாவது.

ஏற்கெனவே க்ளாஸி வாங்கிவிட்டவர்களுக்கு

மேட் ஃபிலிம் ஒட்டலாம். ஆனால் பேனலுக்கும் ஃபிலிமுக்கும் இடையே இருக்கும் தூரத்தால் மினுமினுப்பு, தொழிற்சாலையில் போட்ட மேட்டைவிடக் கூடுதலாகவே இருக்கும். 2கே, 2.8கே திரைகளில் இது நன்றாகவே தெரியும். அதை ஏற்றுக்கொள்ள முடிந்தால் மட்டும் இறங்குங்கள்.

வாங்கும்போது அங்குலத்தை மட்டும் பார்க்கக் கூடாது. 14 அங்குலம் 16:9 திரை 310×174 மில்லிமீட்டர். 14 அங்குலம் 16:10 திரை 302×188. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு உதவாது. ஸ்கேலால் அளந்து, 1 மில்லிமீட்டர் சிறியதாக எடுங்கள். கேமராவையும் வெளிச்ச சென்சாரையும் மூடாத அளவு முக்கியம். மெல்லிய லேப்டாப்பில் மூடிக்கும் கீபோர்டுக்கும் இடையே இடம் மிகக் குறைவு. கேமரா மூடிகளைப் பற்றி எச்சரிக்கும் ஆப்பிளே, சாதாரணத் தாளின் தடிமனான 0.1 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம் என்கிறது. அதனால் மெல்லிய ஃபிலிமாகப் பாருங்கள். டெம்பர்டு கிளாஸ் லேப்டாப்புக்கு வேண்டவே வேண்டாம், மூடியை அழுத்தி மூடும்போது பேனலில் விரிசல் விழலாம்.

ஒட்டும் முறை: ஃபேனை நிறுத்துங்கள், தூசிதான் முதல் எதிரி. வெந்நீர் திறந்துவிட்டு ஆவி அடங்கிய குளியலறையில் தூசி கீழே படிந்திருக்கும், அங்கே செய்வது நல்லது. லேப்டாப்பை அணைத்து, திரை ஆறட்டும். லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். மிஞ்சிய தூசியை செல்லோ டேப்பால் ஒற்றி எடுங்கள். ஃபிலிமை முதலில் ஒட்டாமலே வைத்துப் பார்த்து, இரண்டு இடங்களில் டேப்பால் கீல் மாதிரி பிடித்துக்கொள்ளுங்கள். பின்தாளை 2, 3 சென்டிமீட்டர் மட்டும் உரித்து ஓரத்தைப் படியவைத்து, துணி சுற்றிய பழைய ஏடிஎம் கார்டால் தள்ளிக்கொண்டே, தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வெறும் காற்றுக் குமிழி ஒன்றிரண்டு நாளில் தானே போய்விடும். நடுவில் புள்ளி தெரியும் குமிழி போகாது. உள்ளே தூசி இருக்கிறது, அந்த மூலையைத் தூக்கி டேப்பால் எடுத்தாக வேண்டும். மொபைலுக்குச் செய்வது போல சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டும் முறையை இங்கே தொடாதீர்கள். தண்ணீர் வழிந்து சேரும் கீழ் ஓரத்தில்தான் பேனலின் மெல்லிய மின்னிணைப்புகள் இருக்கின்றன. ஒரு சொட்டு போனால் திரையில் செங்குத்துக் கோடு.

பேனலையே மாற்றுவது இரண்டாவது வழி. ஓரத்தில் பிளாஸ்டிக் ஃபிரேம் உள்ள, டச் இல்லாத 14 அல்லது 15.6 அங்குல லேப்டாப்புகளுக்கு மட்டும் இது நியாயமான வேலை. பேனலின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள எண்தான் அடையாளம். என்வி என்று தொடங்கினால் தயாரித்த நிறுவனம் பிஓஇ, எல்பி என்றால் எல்ஜி, பி என்று தொடங்கி அடுத்து எண் வந்தால் ஏயூஓ. தொடர்ந்து வரும் 156 என்பது 15.6 அங்குலம். சென்னை ரிச்சி தெரு போன்ற இடத்தில் வாங்கும்போது நான்கு விஷயங்கள் பொருந்த வேண்டும்: கனெக்டர் 30 பின்னா 40 பின்னா, கனெக்டர் இருக்கும் இடம், திருகு மாட்டும் காதுகள் உண்டா இல்லையா, ரெசல்யூஷன். 60 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி பெரும்பாலும் 30 பின். டச், 120 ஹெர்ட்ஸுக்கு மேல் என்றால் பெரும்பாலும் 40 பின். மாற்றும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் கேபிளைச் செருகினால் போர்டில் பேக்லைட் ஃபியூஸ் போய்விடலாம். புதுப் பேனல் போட்டும் திரை இருட்டாக இருப்பதாகச் சொல்லி வருபவற்றில் பல இந்தக் கதைதான்.

எதிர்த்திசையில், மேட்டை க்ளாஸி ஆக்குகிறேன் என்று ஈரத் துணி போட்டு மேல்படலத்தை உரிக்கும் வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள். அந்தக் கரடு போலரைசரோடு சேர்ந்தது. போலரைசர் கிழிந்தால் மிஞ்சுவது வெறும் வெள்ளை வெளிச்சம்.

துடைப்பது

மேட் திரை கெடுவது பெரும்பாலும் துடைப்பதில்தான். பிடிவாதமான கறையை ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் கரடு மழுங்கி அந்த இடம் மட்டும் பளபளக்கும், அது திரும்பாது. பையில் அழுந்தி, கீபோர்டு சாவிகள் உரசிய தடங்களும் இதே வகை. மூடுவதற்கு முன் மெல்லிய துணி ஒன்றை நடுவில் வைத்தால் தவிர்க்கலாம்.

ஜன்னல் துடைக்கும் திரவம், டிஷ்யூ பேப்பர், பழைய பனியன் துணி எதுவும் வேண்டாம். டிஷ்யூவில் மர நார் இருக்கிறது, பூச்சைக் கீறும். மைக்ரோஃபைபர் துணியில் டிஸ்டில்டு வாட்டர் சில சொட்டு. குழாய்த் தண்ணீர் உப்புத் தடம் விடும். திரவத்தை எப்போதும் துணியில் போடுங்கள், திரையில் தெளிக்க வேண்டாம். மேலிருந்து கீழாக ஒரே திசையில், எழுத்து அழிக்கும் ரப்பருக்குக் கொடுக்கும் அழுத்தத்தில் பாதிக்கும் குறைவாக. எண்ணெய்க் கறை போகவில்லை என்றால், உங்கள் மாடலின் கையேடு அனுமதித்தால் மட்டும் 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். நானோ-டெக்ஸ்சர் கண்ணாடிக்கு ஆப்பிள் தன் பாலிஷிங் துணியை மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது. போகாத கறைக்கு அதே துணியில் 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்துக்கொள்ளலாம்.

க்ளாஸியைத் துடைப்பது சுலபம், ஆனால் அடிக்கடி துடைக்க வேண்டும். ஒரே ஒரு விரல் ரேகை அணைந்த திரையில் தெருவிளக்கு மாதிரி தெரியும். பூச்சு போட்ட க்ளாஸியை அதிகம் தேய்த்தால் பூச்சே திட்டுத் திட்டாக உரியலாம். 2012 முதல் வந்த ரெட்டினா மேக்புக்குகள் பலவற்றில் பூச்சு இப்படி உரிந்து, வாங்கி நான்கு ஆண்டுக்குள் இருந்தவற்றுக்கு ஆப்பிள் இலவசமாகத் திரை மாற்றிக் கொடுத்தது. செகண்ட் ஹேண்டில் அந்தக் காலத்து மேக்புக் வாங்கினால், திரையை அணைத்துச் சாய்வாக வைத்து, கேமராவைச் சுற்றியும் ஓரங்களிலும் பாருங்கள். எண்ணெய் சிந்தியது போல் திட்டு தெரிந்தால் துடைத்துப் பார்க்க வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.